கந்தையரின் நாடி

1942 வைகாசி, வெள்ளி இரவு.

பக்கத்து வீட்டுக் கந்தையரும் இன்று குச்சவெளிக்கு மகளிடம் போய்விட்டார். போன மாதம் துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த பிறகு, மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக்கிடக்க, எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

எங்கள் போட்டி எட்டு வருடப் பழசு. அரை வயிறு சாப்பிட்டால் நெஞ்சு மெல்ல அடிக்கும், ஆயுள் நீளும் என்பது என் கட்சி. நன்றாகச் சாப்பிட்டு, வேகமாக நடந்து, உடம்பைச் சூடாக வைத்திருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. "புகைஞ்சுகொண்டு கிடக்கிற அடுப்பாலை ஆருக்குப் பிரயோசனம்?" என்று என்னைச் சீண்டுவார். வெள்ளிக்கிழமைகளில் மணிக்கூட்டைப் பார்த்து ஒருவர் நாடியை ஒருவர் எண்ணி, இந்தக் கொப்பியில் எழுதுவோம். பிந்திச் சாகிறவருக்கே வெற்றி.

இன்று புறப்படும்போதும் பஸ் யன்னலால் கையை நீட்டினார். "இண்டைக்கும் வெள்ளிதானே, எண்ணுங்கோ."

எண்ணத் தொடங்கினேன்.

"நான் முந்திச் செத்தால் உங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

"கதையாதேங்கோ, எண்ணிக்கை பிழைக்கும்" என்றேன். முப்பத்தொன்றில் பஸ் புறப்பட்டு அவர் கையைப் பறித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து, மூன்று நாளைக்கு வைத்திருந்த கூப்பன் அரிசி முழுவதையும் உலையில் போட்டேன். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டேன். கந்தையர் கண்டிருந்தால் தான் வென்றுவிட்டதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். சொல்வதற்குத்தான் ஒழுங்கையில் ஆளில்லை.

பிறகு என் கையை நானே பிடித்து எண்ணினேன். எண்பத்திரண்டு. எனக்கு ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை. அது கந்தையருக்கு வருகிற எண்.

கொப்பியில் அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டேன்.