லாரியில் உன் பெருமை

அன்புள்ள வளர்மதிக்கு,

நான் இங்கே சிங்கப்பூரில் சுகம். ஆபரேஷன் செய்த வயிறு இப்போது எப்படி இருக்கிறது? குடம் தூக்காதே.

கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட கையோடு நீ தெருப் பெண்களைப் பெரியாஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அழைத்துப் போவதை, வேலைக்குப் போகும் லாரியில் பெருமையாகச் சொன்னேன். "பொம்பளைங்க சமாச்சாரம் நமக்கெதுக்கு?" என்று ஒருவர் நெளிந்தார்.

"தீட்டு நின்னுபோன வயசுல ரத்தம் பட்டா சும்மா இருக்கக்கூடாதுய்யா. என் பொண்டாட்டி உடனே காட்டினதாலதான் பிழைச்சா" என்றேன்.

மாலையில் கிராஞ்சியில் உள்ள எங்கள் தொழிலாளர் விடுதியில், நம் பக்கத்து ஊர் சுரேந்தர் தயங்கி நின்றான். "அம்மாவுக்குப் போன் போட்டேண்ணே. காலைல லாரியில நீங்க சொன்ன மாதிரிதான் அவங்களுக்கும் இருக்காம். தனியாப் போகப் பயப்படுறாங்க. அண்ணி கூட்டிட்டுப் போவாங்களா?"

போவாள் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அந்த அம்மா நம் வீட்டுக்கு வருவார்.

உன் போட்டோ ஒன்று அனுப்பு. லாரியில் எல்லோருக்கும் அண்ணியைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும்.

அவசரத்தில்,
இளங்கோவன்