வெர்னா ஸ்விக்கருக்குப் பேத்தி ஒருத்தி

ஃபோர்ட் மக்மரி முகாம்
நவம்பர் 9

அம்மாவுக்கு,

நலம். போனில் கேட்டால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எப்போது குழந்தை பிறந்தது?

போன வாரம் சாப்பாட்டுக் கூடத்துக்கு, என்னோடு வேலை செய்யும் மரே ஒரு பத்திரிகையோடு வந்தான். தாத்தா பாட்டிகளுக்கென்று ஹாலிஃபாக்ஸிலிருந்து வருமே, நீ எழுதுகிற அதே பத்திரிகைதான். அவன் அம்மா சந்தா கட்டுகிறாராம். கடைசிப் பக்கத்தில் 'நம் எழுத்தாளர்கள்'. அதில் உன் படம், மடியில் ஒரு குழந்தை. கீழே இப்படிப் போட்டிருக்கிறது: "வெர்னா ஸ்விக்கர், லூனன்பர்க். மீன் ஆலையில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆல்பர்டா எண்ணெய் வயலில் வேலை செய்யும் மகன் கோல்பியின் மகள் ஹேசல், இவரது ஒரே பேத்தி."

"கல்லுளிமங்கா, இவ்ளோ அழகான பொண்ண எங்ககிட்ட மறைச்சிட்டியேடா" என்று மரே முதுகில் அறைந்தான். எனக்குப் பெண்ணே இல்லை என்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நேற்று கேக் வெட்டினார்கள். ஃபோர்மேன் சின்னதாக ஒரு மஞ்சள் ஹெல்மெட் வரவழைத்து, பின்பக்கம் 'ஹேசல் ஸ்விக்கர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி என் கையில் கொடுத்தார். அத்தனை பேர் கைதட்டும்போது நான் என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன்.

என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. தப்பாகக் காட்டுகிற கருவியைக் கழற்றி வைத்துவிடுவேன். அந்தக் குழந்தை யார்?

கோல்பி


லூனன்பர்க்
நவம்பர் 17

என் கண்ணு கோல்பிக்கு,

உன் கடிதம் வந்தது. தேதியைத் தவிர எல்லா வரியிலும் கோபம் இருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நான்தான் கேட்க வேண்டும்போல.

ஹேசல் ஷானாவின் மகள். ஷானாவுக்கும் டெரிக்குக்கும் பிறந்தவள்.

இந்த வரியில் நீ கடிதத்தைக் கீழே போட்டிருப்பாய். மறுபடி எடுத்துப் படி.

ஷானாவுக்கு அம்மா இல்லை, உனக்கே தெரியும். டெரிக்கின் அம்மா நியூஃபவுண்ட்லாந்தில், நடக்க முடியாமல் கிடக்கிறாள். குழந்தை பிறந்த வாரம் ஷானா என் கதவைத் தட்டினாள். "அத்தை, இது பால் குடிக்க மாட்டேங்குது, எனக்கு ஒண்ணும் புரியல" என்று நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ என் மகனை விட்டுப் போனவள், போ என்றா? அவள் விட்டுப் போனது உன்னைத்தான். என்னை விட்டு அவள் போகவே இல்லை, கண்ணு.

அன்றிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை நாளென்றால் ஹேசல் இங்கேதான். அவளைப் பற்றித்தான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

கடைசிப் பக்க விஷயம். நான் தனித்தனியாகத்தான் எழுதிக் கொடுத்தேன்: மகன் கோல்பி ஆல்பர்டாவில். பேத்தி ஹேசல். இடம் போதவில்லையென்று ஆசிரியர் திருமதி கோர்க்கம் இரண்டையும் சேர்த்துவிட்டார். அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பினார். பார்த்தேன். திருத்தவில்லை.

படிக்க நன்றாக இருந்ததடா.

அன்புடன்
அம்மா


ஃபோர்ட் மக்மரி முகாம்
நவம்பர் 23

அம்மாவுக்கு,

திருத்தவில்லை என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய்.

என்னை விவாகரத்து செய்தவளின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்து, என் பெயரை அதன் அப்பா இடத்தில் போட்டிருக்கிறாய். டெரிக் பார்த்தால் என்ன நினைப்பான்? அவனிடமிருந்து பிடுங்கி எனக்கு ஒரு பிள்ளை கொடுத்திருக்கிறாய். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனாலும் அது சரியில்லை.

இவ்வளவு நாளாக ஞாயிறுதோறும் போனில் பேசினோம். பின்னால் ஒரு குழந்தை சத்தம் கேட்கும். "டிவிடா" என்பாய்.

அந்தப் பக்கத்திலிருந்து பேத்தியை எடுக்கச் சொல். இல்லையென்றால் நானே கோர்க்கம் அம்மாவுக்கு எழுதுவேன். கிறிஸ்துமஸுக்கு என்னை எதிர்பார்க்காதே. கூடுதல் வேலை கேட்டிருக்கிறேன்.

கோல்பி


லூனன்பர்க்
டிசம்பர் 2

அன்புள்ள கோல்பிக்கு,

எழுதிவிட்டேன். எனக்குப் பேத்தி இல்லை, போட்டது தப்பு என்று. திருமதி கோர்க்கம் போனில் கூப்பிட்டார். "பேரன் பேத்தி இல்லாதவங்க எழுதறத நாங்க போடறதில்லையே வெர்னா. வாசகருங்க கேப்பாங்களே" என்றார். பரவாயில்லை என்றேன். ஜனவரி இதழோடு என் பக்கம் நிற்கிறது.

ஷானாவிடமும் சொன்னேன். ஹேசலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கோல்பி சொன்னா எடுத்துடுங்க அத்தை. ஆனா இவ உங்கள வேற எப்படிக் கூப்பிடுவா? இப்பதான் பாட்டின்னு சொல்ல வருது" என்றாள். டெரிக் பத்திரிகையை முன்பே பார்த்திருக்கிறான். "பொண்ணு வெர்னாம்மா மாதிரி வந்தா போதும், அப்பா பேரு யாரு பேரோ இருக்கட்டும்" என்றானாம்.

திங்கட்கிழமை சிங்கி இறால் கூண்டுகளைக் கடலில் இறக்கும் நாள். விடியும் முன்பே ஊர் முழுக்கத் துறைமுகத்தில் இருந்தது. ஒவ்வொரு படகிலும் கூண்டுகள் மலைபோல. ஹேசலைத் தோளில் வைத்திருந்தேன். டெரிக்கின் படகு கிளம்பியதும் அவள் தன் வாயாலேயே இஞ்சினை ஓட்டினாள். டுக் டுக் டுக், டுக் டுக் டுக், பிறகு நடுவில் ஒரு விக்கல், மறுபடி டுக் டுக் டுக். விக்கலை ஒரு தரம்கூட விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் நினைப்பு வந்தது. நீயும் இந்த வயதில் என் தையல் மிஷின் மாதிரி கத்திக்கொண்டு திரிவாய்.

டிவி என்று சொன்னது தப்புதான். உனக்கு வலிக்குமே என்று சொன்னேன். வலியைத் தள்ளித்தான் போட்டேன் போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு உன் தட்டை வைப்பேன். அதை நீ தடுக்க முடியாது.

அம்மா


ஃபோர்ட் மக்மரி முகாம்
டிசம்பர் 10

அம்மாவுக்கு,

முதலில் அவசரமானது. குழந்தை போட்ட சத்தம், அந்த விக்கலோடு, நீ எழுதியபடிதான் என்றால், டெரிக்கின் இஞ்சினில் எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று பழுதாகப் போகிறது. நடுக்கடலில் நின்றால் டிசம்பர் தண்ணீரில் விளையாட்டில்லை. அடுத்த முறை கிளம்பும் முன் பார்க்கச் சொல். நான் சொன்னதாகவே சொல். அந்த இஞ்சினைப் பற்றி அந்த ஊரில் சரியான தகவல் கொடுத்திருக்கிற ஒரே ஆள் ஹேசல்தான்.

இரண்டாவது. மரேயின் அம்மாவிடமிருந்து பழைய இதழ்கள் வந்தன. எல்லாம் படித்தேன். நீ எழுத்தை நிறுத்துவது முட்டாள்தனம். கோர்க்கம் அம்மாவுக்கு நான் எழுதிவிட்டேன், மிரட்டியபடியே. பேத்தி இல்லை என்று நீ எழுதியதுதான் தப்பான தகவல் என்று சொன்னேன். கீழே உள்ளதை அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன், வார்த்தைகளைச் சேர்க்கவோ குறைக்கவோ கூடாது என்று:

"வெர்னா ஸ்விக்கர், லூனன்பர்க். மீன் ஆலையில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கோல்பி ஆல்பர்டாவில். பேத்தி ஹேசல் அதே ஊரில். ஹேசல் கோல்பியின் மகள் அல்ல, வெர்னாவின் பேத்தி. விவரங்கள் மகனால் சரிபார்க்கப்பட்டவை."

கோர்க்கம் அம்மா மின்னஞ்சலில் ஒரே வரியில் பதில் போட்டார்: "இவ்வளவு சண்டைக்காரப் பிள்ளையைப் பற்றி வெர்னா ஏன் எழுதவே இல்லை?" பிப்ரவரியிலும் உன் பக்கம் வரும்.

மூன்றாவது. கூடுதல் வேலையை ரத்து செய்தேன். இருபத்து மூன்றாம் தேதி ஹாலிஃபாக்ஸில் வந்து இறங்குகிறேன். அன்றைக்குக் குழந்தை உன் வீட்டில் இருக்கும் முறை என்றால் இருக்கட்டும். என் பொருட்டு அனுப்பிவிடாதே. ஷானாவிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை, நீ எதையும் ஏற்பாடு செய்யாதே.

ஹெல்மெட்டை இத்துடன் அனுப்புகிறேன். 'ஸ்விக்கர்' என்பதைச் சுரண்டி எடுத்துவிட்டேன். 'ஹேசல்' அப்படியே இருக்கிறது. கொஞ்சம் பசை மிச்சம் இருக்கும், சமையல் எண்ணெய் தொட்டுத் துடை, போய்விடும். உள்பட்டையை இப்போது மிகச் சிறிய அளவில் வைத்திருக்கிறேன். தலை வளர வளர, பின்னால் இருக்கிற திருகைத் தளர்த்த வேண்டும். நீ செய்யாதே, உடைத்துவிடுவாய்.

ஒவ்வொரு வருஷமும் வரும்போது நான் செய்கிறேன்.

கோல்பி