வலைக்கு ஒரு விளக்கு

2024.12.09, திங்கள்

கடல் இன்றைக்கும் அடம்பிடிக்கிறது. இவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, வலை முழுவதையும் கொண்டுவந்து விறாந்தையில் குவித்துவிட்டார். பக்கத்தில் எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கான் இரண்டு. மாரி முடியும்வரை என் வீட்டு வாசலில் மீன் வெடுக்குத்தான்.

என் வீடு என்று எழுதும்போது ஒரு திமிர் வருகிறது. அம்மா சீதனமாகத் தந்தது, காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர். என் மனுசன் யுகேந்திரனோடு சண்டை வந்தால் இதைச் சொல்லிக் காட்டாமல் நான் விட்டதில்லை.

புரட்டாதியில் கிண்ணியா அபூதாஹிர் வந்து புதிதாக வயரிங் போட்டார். சுவிட்ச், பியூஸ் எல்லாம் உள்ள மெயின் போட் விறாந்தைச் சுவரில். மகள் பிரசாந்தியின் மேசைக்கு மேலே தனியாக ஒரு பல்ப். மார்ச்சில் அவளுக்கு சாதாரண தரப் பரீட்சை. இனி இருட்டைச் சாட்டித் தப்ப முடியாது.

2024.12.13, வெள்ளி

கார்த்திகை விளக்கீடு. மழை விட்டிருக்கிறது. முன்பள்ளி முடிந்து வரும்போது இருபத்தைந்து மண் சிட்டி விளக்கு வாங்கினேன். படலைக்கு, கிணற்றடிக்கு, குசினிக்கு. வழமையாக வள்ளத்துக்கும் ஒன்று வைப்போம். இந்த முறை வள்ளம் மழைக்கு மூடிக் கிடப்பதால் அந்த விளக்கை வலைக்கு வைக்கப்போகிறேன். சோறு போடுகிற வலையை இருட்டில் விடலாமா?

2024.12.15, ஞாயிறு

வீடு இல்லை.

வெள்ளி பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு மூன்று பேரும் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடியவில்லை, சிவரூபி டீச்சர் வீடு எரிகிறது என்று ஆள் வந்தது. ஓடி வந்தபோது விறாந்தை முழுக்க நெருப்பு. வலை உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. கான் இரண்டும் வெடித்தன. சனம் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றியது. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வர முதலே கூரை விழுந்துவிட்டது. சுவர்கள் கறுப்பாக நிற்கின்றன. பிரசாந்தியின் பாடக் கொப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தக் கொப்பி மட்டும் கைப்பைக்குள் கிடந்து பிழைத்தது — எதற்கு?

முன்பள்ளி மண்டபத்தில் இருக்கிறோம். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் எங்கள் உடுப்புக் காய்கிறது.

மீனவர் சங்கத் தலைவர் வீரசிங்கம் அண்ணை வந்து பார்த்தார். "மெயின் போட்டிலதான் பிடிச்சிருக்கு. அவன் போட்ட வயரிங் சரியில்ல" என்றார். நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இவர் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"வலையடி விளக்க நூத்துப்போட்டுத்தானே வந்தனீ?"

"ஓம்" என்றேன்.

2024.12.17, செவ்வாய்

நூர்க்கவில்லை. எரிய விட்டுத்தான் போனேன்.

2024.12.19, வியாழன்

சனம் நல்ல சனம். அதுதான் தாங்க ஏலாமல் இருக்கு. அரிசி, பாய், சேலை, பிரசாந்திக்குப் பாடக் குறிப்புகளின் போட்டோ கொப்பி. கூரைக்கு சங்கம் தகரம் தருகிறதாம், கிழமைக்கு இரண்டு நாள் ஆட்களும் வருவார்களாம். இரவல் தந்த கோப்பை, தட்டு எல்லாவற்றிலும் அந்தந்த வீட்டுப் பெயர் வெட்டியிருக்கிறது. மத்தியானம் சோறு குறையக் குறைய, அடியில் வள்ளியம்மா என்ற பெயர் தெரிந்தது. அதற்குமேல் உண்ண முடியவில்லை.

விதானையார் அரசாங்க அறிக்கையில் காரணம் மின்னொழுக்கு என்று எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

2024.12.23, திங்கள்

அபூதாஹிர் வந்தார். சாம்பலுக்குள் குந்தியிருந்து மெயின் போட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பெடியள் கூடிச் சத்தம்போட்டார்கள். அவர் எதையோ சாக்குப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் மண்டபத்து யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் தகரம் போய்விடும், இவர் போய்விடுவார், பிள்ளையின் பரீட்சை போய்விடும். இவ்வளவும் சாட்டுத்தானா? தெரியவில்லை.

2025.01.06, திங்கள்

கூரை மரம் ஏறிவிட்டது. அபூதாஹிர் இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறார். திரும்பவும் வயரிங் போடுகிறார், சும்மாவே. கொண்டுவந்த மெயின் போட் அவருடைய மகளுக்குக் கட்டும் வீட்டுக்கு வாங்கி வைத்ததாம். சீதன வீடு. கிண்ணியாவிலும் எங்களைப்போலத்தான், மகளுக்கு வீடு கொடுப்பது.

எங்கள் ஊரில் மூன்று வீட்டுக்காரர் அவரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். கோயில் திருவிழா லைட் வேலையும் இனி அவருக்கு இல்லையாம். பிரசாந்தி இதை எனக்குச் சொல்லிவிட்டு, "பாவம் என்னம்மா?" என்றாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

2025.01.18, சனி

சொல்லிவிட்டேன். அவருக்கு மட்டும்.

அவர் ஏணியில் நின்றார். நான் தொடங்கியதுமே இறங்கி வந்து, சாக்குப் பையிலிருந்து உருகிய வலைக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதற்குள் என் சிட்டி, உடையாமல்.

"அண்டைக்கே எடுத்திட்டன் டீச்சர். போட் வெளியாலதான் வெந்திருக்கு. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்ததே.

"விளக்கீட்டு விளக்காலதான் எரிஞ்சதெண்டு நானா வந்து சொல்ற? கிண்ணியாவில இருந்து வந்து? ஆர் கேப்பாங்க?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "இருபது வருசமா இந்த ஊருக்குள்ள வேலை செய்றன். வராம விட்டா பிழைய ஒத்துக்கொண்ட மாதிரி. அதான் வாறன். என்னட்டச் சொல்லிப் புண்ணியமில்ல டீச்சர். ஊருக்குச் சொல்லுங்க."

2025.01.19, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

வீரசிங்கம் அண்ணை நிலத்தைப் பார்த்தபடி, "எங்களையெல்லோ பொய்யராக்கிப்போட்டீங்கள் டீச்சர்" என்றார். என்னைக் கேட்க முதலே முடிவு கட்டியவர் அவர்தான். அதைச் சொல்ல எனக்கு எந்த முகம்?

வரும் வழியில் இவர் சொன்னது இரண்டே சொல். "ஓம் எண்டனியே."

2025.01.27, திங்கள்

கூரை வேலைக்கு ஆட்கள் வரவில்லை. தகரம் பாதியில் நிற்கிறது. அபூதாஹிரும் வரவில்லை. பெயரை மீட்டபிறகு ஏன் வரவேண்டும்?

2025.02.05, புதன்

தட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அவசரமாம், வீட்டில் விருந்தாளிகளாம். கழுவித் துடைத்துக் கொடுத்தேன். வள்ளியம்மா மாமி மட்டும் கேட்கவில்லை.

மிச்சத் தகரத்தை இவரும் பிரசாந்தியும் ஏற்றினார்கள். இவருக்கு என்னோடு இன்னும் கதை இல்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்தால் குடிப்பார், அவ்வளவுதான்.

2025.02.23, ஞாயிறு

புது வீட்டில் பால் காய்ச்சினோம். நாங்கள் மூன்று பேர், வள்ளியம்மா மாமி. கறண்ட் இல்லை. பிரசாந்தி போத்தல் விளக்கில் படிக்கிறாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நூர்ந்த பிறகும் திரியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கோயிலில் அபூதாஹிரைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். கைநிறைய வேலை இருக்கிறது என்றாராம்.

2025.03.14, வெள்ளி

பள்ளி முடிந்து வந்தேன். விறாந்தையில் ஏணி. மேலே அபூதாஹிர். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு இவர். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.

தேத்தண்ணி கொண்டுபோனேன். "நோன்பு, டீச்சர்" என்றார். எனக்கு நினைவில்லாமல் போய்விட்டது. நோன்பில்லாவிட்டால் குடித்திருப்பாரா?

நாலு மணிக்கு மெயினைப் போட்டார். பிரசாந்தியின் மேசைக்கு மேல் வெளிச்சம் வந்தது. திங்கள் பரீட்சை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பக்கத்தைப் புரட்டினாள். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பிறகுதான் பார்த்தேன். விறாந்தை மூலையில், வலை குவிக்கிற இடத்துக்கு நேரே மேலே, ஒரு சின்ன பல்ப். நாங்கள் கேட்கவில்லை. தனி சுவிட்ச் வேறு.

இது எதற்கு என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துக் கேட்டேன். இவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பதில் சொன்னார்.

"அபூதாஹிர் சொன்னவர், அடுத்த விளக்கீட்டுக்கு வலைக்கு இதப் போடட்டாம்."

சுவிட்ச் என் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை.