கழுதையைச் சுமந்த சிப்பாய்

5.9.1981, சனி

போடியில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். இன்று ஒரு படத்தை மதியக் காட்சி, அடுத்த காட்சி என இரண்டு தடவை ஒரே மூச்சில் பார்த்தேன். 'மலைச் சிப்பாய்', டப்பிங் படம். உலக யுத்தம் நடக்கிறது. பட்டாளத்துக்குக் கோவேறு கழுதையில் பொதி ஏற்றிப் போகிற ஒரு நோஞ்சான். குண்டு விழுந்து மலை சரிகிறது, ஆள் புதைந்து போகிறான். இடைவேளை. அப்புறம் குகைக்குள் எதிரி ஒளித்து வைத்த, அசுரபலம் தரும் மருந்தைக் குடித்து எழுந்து வருகிறான் — அம்மாடி! உடைந்த பாலத்தை முதுகில் தாங்குகிறான், மொத்தப் பட்டாளமும் அவன் மேல் நடந்து போகிறது.

மலை மேல் எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டில் சொல்லும்போது பாலத்தை எப்படி நடித்துக் காட்டுவது? ஆள் பதிவு நோட்டின் பின்பக்கம் எல்லாச் சீனையும் வரிசையாக எழுதி வைத்துவிட்டேன்.

7.9.1981, திங்கள்

ஒச்சப்பன் சொல்லிவிட்டான்.

ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற பயல்! நேற்றே எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து மொத்தப் படத்தையும் சொல்லிவிட்டானாம். பதினோரு வருடமாக இந்த மலையில் சினிமாக் கதை சொல்கிறவன் நான். கதை சொல்கிறவனுக்குத்தான் முதல் கிளாஸ் கட்டஞ்சாயா, பால் இல்லாத டீ. நேற்று அது அவனுக்குப் போயிருக்கிறது. என் பெண்டாட்டி ராக்குவே ஊற்றிக் கொடுத்தாளாம்.

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

9.9.1981

எஸ்டேட் ஜீப்பு டிரைவர் பெரியகருப்பன் சொன்னான்: "ஒச்சப்பனா? சனிக்கெழம எடவேளையிலயே ஓடியாந்து ஏறிட்டானே! நாலு மணிக்கு நான் வண்டிய எடுத்துருவேன்ல."

பாதிப் படம்! பாதிதான் பார்த்திருக்கிறான்! ஞாயிற்றுக்கிழமை வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

13.9.1981, ஞாயிறு

சொன்னேன். ஒரு சீன் விடவில்லை. ஜெனரல் பெயர்கூட விடவில்லை. குகையிலிருந்து சிப்பாய் வெளியே வருகிற இடத்தில் ஆயம்மாள் கையை நீட்டி மறித்தாள். காய் எடுக்கிற பெண்களில் மூத்தவள், எனக்கு முதல் கிளாஸை நீட்டி வந்தவளே அவள்தான்.

"நில்லப்பு. கழுத எங்க?"

"எந்தக் கழுத?"

"மண்ணத் தோண்டி அவன வெளிய இழுத்துச்சே, அந்த நொண்டிக் கழுத. தெம்பு வந்ததும் மொத வேலயா அதத் தோள்ல தூக்கிக்கிட்டு மலையேறுனானே. 'இத்தன நாளு நீ என்னோட பொதிய சொமந்த, இன்னைக்கு நான் ஒன்னய சொமக்குறேன்'னு சொல்லுவானே. அத விட்டுப்புட்டியே."

அப்படி ஒரு சீனே கிடையாது என்றேன். யாரும் நம்பவில்லை. இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

ஒச்சப்பன் பின்னால் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். திருடன்!

வீட்டில் ராக்குவிடம் கேட்டேன், நான் சொன்னதில் என்ன குறை என்று. "எல்லாம் வெவரமாத்தான் சொல்றீக. அழுகதான் வர மாட்டேங்குது" என்றாள்.

14.9.1981

கழுதையாம் கழுதை.

17.9.1981

தூக்கமில்லை. ஒச்சப்பனுக்கு அந்தக் கழுதை எப்படித் தோன்றியது? எனக்கு ஏன் தோன்றவில்லை? முழுசாகப் பார்த்தவனுக்குத் தோன்றாதோ?

ஒரு யோசனை. ஆயம்மாளைக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டிவிட்டால் சோலி முடிந்தது. அவள் வந்து சொன்னால் லயமே நம்பும். படம் முடிகிறவரை நிற்க வேண்டுமென்று பெரியகருப்பனிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

20.9.1981, ஞாயிறு

கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். மெட்டு மலைப்பாதை இறக்கத்தில் ஆயம்மாள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள், அப்போதும் சந்தோஷம்.

இடைவேளை முடிந்தது. மலை சரிந்து கிடக்கிறது. ஆயம்மாள் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் கண் திரைக்குத்தான் போயிற்று. மண் அசைந்தது. கழுதை வரும் என்று காத்திருந்தேன். நான்! வராது என்று தெரிந்த நான்! கழுதை வரவில்லை. அவன் தானே எழுந்து வந்து பாலத்துக்குப் போய்விட்டான். சே, என்ன படம் எடுத்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் ஆயம்மாள் ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கத்தினாள்: "வெரசா முடிக்கணும்னு கழுதைய வெட்டிப்புட்டான், வெளங்காத பய! போன தீவாளிப் படத்துலயும் ஒரு பாட்ட வெட்டுனவன்தான!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயி மொத நாளே பாத்தவன். சத்தியமா சொல்லு அப்பு. அன்னைக்கு இருந்துச்சா, இல்லயா?"

இதற்குத்தானே கூட்டி வந்தேன். ஒரே ஒரு வார்த்தை.

"இருந்துச்சு ஆத்தா. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

27.9.1981, ஞாயிறு

மழை. ஒச்சப்பன் திரும்பவும் அதே கதையைச் சொன்னான். ஆயம்மாள் நீட்டிய முதல் கிளாஸ் அவனுக்கே. இன்றைக்கும் எரிந்தது, பொய் சொல்வானேன்.

நடுவில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டான்: "அண்ணே, நீங்கதான் முழுசாப் பாத்தவுக. கழுதைக்கு எந்தக் கால்ணே நொண்டி?"

"எடது முன்னங்காலு" என்றேன்.