தகப்பன் வழியில் யாருக்காவது

தாம்பரம் கிழக்கு,
4-2-1974, திங்கள்.

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளை சரோஜினியும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை பிள்ளை காணாமல் போய்விட்டாள். பதறாதீர்கள், கிடைத்துவிட்டாள். இதோ என் காலடியில் உட்கார்ந்து சாக்பீஸ் துண்டுகளைச் சுவரோரமாக வரிசையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று கோணினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் பரீட்சை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பால்காரர் கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். தெருவெல்லாம் தேடினோம், கோயில் காம்பவுண்டில் தேடினோம். கூப்பிட்டால் பதில் சொல்கிற பிள்ளையா, கத்திக் கூப்பிட? கடைசியில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஆளை இறக்கிவிட்டார்கள். அவன் முங்கி எழுந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டும்வரை நான் துலாக்கல்லைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பெருங்களத்தூர் ரயில்வே கேட்மேன் சம்பந்தம் தன் சைக்கிளில் அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி அங்காளம்மாளும், அந்த ஊர்ச் சபை உபதேசியாரும் வந்தார்கள். நம் மகள் இங்கிருந்து தண்டவாளத்தின் நடுவிலேயே, ஒரு கட்டை விடாமல் மிதித்து மிதித்து, பெருங்களத்தூர்வரை நடந்திருக்கிறாள். தெற்கே போகிற எக்ஸ்பிரஸுக்குக் கேட்டை அடைத்துவிட்டு நின்ற சம்பந்தம், சிவப்புக் கொடியை ஆட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். இவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அங்காளம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, இவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். அடுத்த நிமிஷம் ரயில் போயிருக்கிறது.

அங்காளம்மாள் நம் வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாம்மா, கொயந்தைக்குக் காது கேக்காதா? தொண்ட கிழியக் கத்தினோம். பேரு இன்னான்னு கேட்டா, அதுவும் பேரு இன்னாங்குது. வூடு எங்க கீதுன்னா, வூடு எங்க கீதுங்குது. நக்கல் பண்ணுதுன்னு நெனச்சு மண்டைல ஒண்ணு வச்சுட்டேம்மா, மன்னிச்சுக்கோ" என்றாள். என் பிள்ளையின் உயிரை இழுத்துக் கொடுத்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

குட்டு விழுந்ததும் இவள் அழவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு ஓய்வுநாள் பள்ளி வசனங்களை ஒன்றாவதிலிருந்து சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். கிறிஸ்தவங்க வீட்டுப் பிள்ளை என்று சம்பந்தம் அதைவைத்துத்தான் கண்டுபிடித்து உபதேசியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர், கிறிஸ்துமஸுக்கு நூற்றைம்பது வசனம் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளையல்லவா என்று அடையாளம் கண்டிருக்கிறார்.

நேற்று நம் போதகர் வேதசிரோமணி ஐயர் இதையே பிரசங்கம் செய்தார். வசனமே பிள்ளையைக் காத்தது என்றார். சபையே அழுதது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து இவள் கையை எடுத்துத் தங்கள் பிள்ளைகள் தலையில் வைத்துக்கொண்டார்கள். இவள் தன் கையை வேறு யாருடைய கையோ போல விட்டுவிட்டு, மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அழுதேன். ஆனால் அவர்கள் அழுததற்காக இல்லை. நூற்றைம்பது வசனம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. வருகிற ஜூனில் ஏழு வயது முடிகிறது.

காலெல்லாம் ஜல்லிக்கல் கிழித்திருந்ததால் இன்று காலை டாக்டர் பக்தவச்சலத்திடம் கொண்டுபோனேன். மருந்து போட்டபிறகும் அவர் அனுப்பவில்லை. அரைமணி நேரம் இவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பசித்தால் எப்படிக் கேட்பாள் என்றார். "பசிக்குதா உனக்கு" என்று என்னிடம் வந்து சொல்லுவாள் என்றேன். கொஞ்சம் தயங்கி, ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார். தனக்கும் படித்த அறிவுதான், பார்த்த அறிவு இல்லை என்றார். பள்ளிக்கூடத்து அகராதியில் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. இதைப் பார்க்கத் தெரிந்த ஒரு லேடி டாக்டர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டணத்துக்கு வருகிறாராம். மார்ச் 22-ஆம் தேதிக்கு நம் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டேனோ என்னவோ. உடனே பதில் எழுதுங்கள்.

மற்றபடி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று கால் வீங்குகிறது. நீங்கள் கேட்ட இருமல் மருந்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போர்ட் பிளேரில் மழை என்றால் தலையை நனைக்காதீர்கள்.

உங்கள்
சுகிர்தம்.


தாம்பரம் கிழக்கு,
3-3-1974, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஒரு வாரமாகிறது. மூன்று நாள் உங்கள்மேல் இருந்த கோபத்தில் பேனாவைத் தொடவில்லை. அதற்குப்பிறகு வேறு ஒன்று நடந்தது. அதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வழக்கம்போல முதல் நான்கு வரி வெயில், காற்று, மழை எத்தனை மில்லிமீட்டர். நீங்கள் வானிலை ஆபீசில் வேலை பார்ப்பது எனக்கு மறந்துவிடுமா என்ன! அதற்குக் கீழே, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, வசனம் அவளைக் காப்பாற்றிற்று, நீயே உன் மகளுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டாதே, டாக்டரிடம் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடாது என்ற இடத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்திருக்கிறது. எட்டு வருஷத்தில் நீங்கள் என்னிடம் இவ்வளவு கோபமாகப் பேசியதில்லை.

வசனம் காப்பாற்றியது என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் தண்டவாளத்திலிருந்து அவளை இழுத்தது அங்காளம்மாள். அடுத்த தடவை அந்த இடத்தில் ஒரு அங்காளம்மாள் நிற்பாளா? போன திங்கட்கிழமை அவளுக்குப் புதுக் குடம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். "அத்த வுடும்மா. கொயந்தைய டாக்டராண்ட காட்டினியா இல்லியா?" என்றுதான் முதலில் கேட்டாள். என் புருஷன் கூடாதென்கிறார் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் சாராள் மதினிக்கும் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. புதன்கிழமை வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். தாய்மாமன் வீட்டுல பைத்தியம்னு எவனாவது சொன்னா எவன் வாசப்படி ஏறுவான்?" என்று கேட்டார்கள். நானும் விடவில்லை, சரிக்குச் சரி பேசினேன். அப்போது இவள் வந்து சாக்பீஸை அடுக்க உட்கார்ந்தாள். மதினி பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தார்கள். "அப்படியே தம்பிதான். அவன் தீப்பெட்டியை இப்படித்தான் அடுக்குவான்" என்று அவர்களை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

வந்தபிறகு நிறுத்த முடியவில்லை அவர்களால். ஆறு வயதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நீங்கள் திரும்பமாட்டீர்களாம். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வீர்களாம். ஊர் சிரித்ததாம். உங்கள் அப்பா ஹெட்மாஸ்டர் அல்லவா, அவருக்குத் தாங்கவில்லை. தினமும் சாயங்காலம் உங்களை எதிரே நிற்கவைத்து, முகத்தைப் பார், முகத்தைப் பார் என்று, கண் விலகும்போதெல்லாம் பனைமட்டையால் அடித்தாராம். ஒரு வருஷம். பிறகு பார்க்க ஆரம்பித்தீர்களாம். "அடிச்சுத் திருத்தினோம். இப்ப கவர்மென்ட் உத்தியோகம் பாக்கலியா? நல்லாத்தானே இருக்கான்?" என்றார்கள். நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அத்தான், நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் புருவத்தைப் பார்க்கிறீர்கள். கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று பாடகர் குழு பாடியபோது காதைப் பொத்திக்கொண்டீர்கள், என் சித்தி அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். சாப்பிட உங்களுக்கென்று இருக்கிற அந்த ஒரு தட்டு இல்லாவிட்டால் பட்டினி கிடப்பீர்கள். நான் ஒரு தெர்மாமீட்டருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு உங்களிடம் ஒரு குறையும் இருந்ததில்லை. பொய் பேசாத, கை ஓங்காத மனுஷனோடு வாழ்கிறேன் என்று கர்த்தரைத் துதிக்காத நாள் இல்லை.

கை ஓங்கியவள் நான்தான். உங்களிடம் மறைத்ததை இன்று எழுதிவிடுகிறேன். போன வருஷம் நீங்கள் மாற்றலாகிப் போன புதிதில், இவளை எப்படியாவது அம்மா என்று கூப்பிடவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மா என்று சொல், அம்மா என்று சொல் என்று உள்ளங்கையில் அடித்தேன். பதினோரு நாள். பதினோராவது நாள், அச்சு அசலாக என் குரலிலேயே, "அம்மா என்று சொல்" என்றாள். ஸ்கேலைத் தூக்கி எறிந்தேன். ஆனால் இன்றைக்கும் நான் நோட்டில் கோடுபோட ஸ்கேலை எடுத்தால், அவளாகவே வந்து கையை நீட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர் நான். என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

அதனால் நான் போகத்தான் போகிறேன். உங்கள் சொல்லைத் தட்டி நான் செய்கிற முதல் காரியம் இது. 22-ஆம் தேதி காலை ஏழரை வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

அந்த லேடி டாக்டர் முன்கூட்டியே நான்கு பக்கம் கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ராத்தூக்கம், சாப்பாடு, பேச்சு என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். தாய் வேலைக்குப் போகிறாளா, குழந்தையை யார் தூக்கி வளர்த்தது என்றும் இருக்கிறது. அது எதற்கு என்று பக்தவச்சலம் டாக்டரைக் கேட்டேன். தாய்க்குப் பாசம் போதாமல் இப்படி ஆகிறது என்று எழுதுகிற பெரிய டாக்டர்களும் உண்டு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பயமாகத்தான் இருந்தது. என்மேல் எழுதினால் எழுதிக்கொள்ளட்டும். பிள்ளையை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொன்னால் போதும் எனக்கு.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. தகப்பன் வழியில் யாருக்காவது சிறு வயதில் இப்படி இருந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை அந்த இடத்தில் எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு விமானத் தபாலில் அனுப்புங்கள். ஆபீசுக்குத் தெரிந்தால் உத்தியோகத்துக்கு ஆகாதோ என்று பயப்படுவீர்கள். மதினி மகளின் கல்யாணத்தை நினைப்பீர்கள். இரண்டும் நியாயமான பயம்தான். வேண்டாமென்றால் வெறுமனே திருப்பி அனுப்புங்கள், அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். அதற்காக ஒரு நாளும் உங்களைக் குத்திக்காட்டமாட்டேன். இது சத்தியம்.

ஆனால் டாக்டருக்கு எழுதாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள் அத்தான். அவளைக் கேட்டால் என் கேள்வியையே திருப்பித் தருகிறாள். உங்களைத் தவிர நான் யாரைப் போய்க் கேட்பேன்? ஆறு வயதில் அவர்கள் உங்களைக் கூப்பிட்டபோது காதில் விழுந்ததா? முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்தது, வலித்ததா? அந்தப் பனைமட்டையை எடுக்காமல் அவர்கள் வேறு என்ன செய்திருந்தால் உங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்? அதை எழுதுங்கள். என்ன எழுதினாலும் அப்படியே செய்கிறேன்.

பனைமட்டைக்கு முன்னால் நின்ற பிள்ளையையும், என் ஸ்கேலுக்குக் கை நீட்டுகிற பிள்ளையையும் கர்த்தர் தம் இரண்டு கைகளிலும் ஏந்திக் காப்பாராக. 22-ஆம் தேதிவரை தினமும் தபால்காரருக்காகக் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள்
சுகிர்தம்.