ஸ்டெப்னி மிட்டாய்

டேய் மாவு ஆட்சியரே,

இன்று காலை என் பள்ளிக்கூடப் பேன்ட்டுக்குள் எறும்புகள் மாநாடு போட்டிருந்தன. துவைக்க எடுத்த அம்மா பாக்கெட்டைத் திருப்பி உதற, காகிதத்தோடு இளகிப்போன நான்கு எலுமிச்சை மிட்டாய்கள் கீழே விழுந்தன. "பதினேழு வயசு ஆவுது, இன்னும் முட்டாய் பைத்தியம் போவல. எறும்பு கடிச்சாதான் புத்தி வரும்" என்றாள். எறும்பு ஏற்கனவே கடித்துவிட்டது. எங்கே என்று அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குச் சொன்னால் ஊரையே கூட்டிச் சிரிப்பாய், அதனால் உனக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனை மூக்கில் ஏறியதும் வேறெதுவும் ஓடவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி வேலையில் மாற்றல் வந்து, எட்டாம் வகுப்பில் திருநெல்வேலியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தாய். முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தாய். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து இட்லிகளை எண்ணினாய். அப்புறம் வயிற்றில் ஊசி.

"இன்னா மச்சான், இட்லிய என்கொயரி பண்ற?"

"எனக்கு உடம்புல இன்சுலின் சுரக்காதுல. எவ்வளவு மாவுச்சத்து உள்ள போகுதோ, அதுக்குத் தக்கன நான்தான் போடணும்."

மாவட்டத்துக்கு ஓர் ஆட்சியர் என்றால் மாவுக்கும் ஒருவர் வேண்டாமா? அன்றே பதவி கொடுத்தேன். அரசாணை மட்டும்தான் பாக்கி.

உன்னைப் பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் திடீர் டாக்டர்களாகிவிடுவார்கள். "நெறைய முட்டாய் துன்னியா தம்பி? அதான் சுகர் வந்துகீது" என்று எங்கள் தெரு மாமா ஒருவர் கேட்டபோது, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "ஆமா மாமா, உங்க பங்கையும் சேத்துத் தின்னுட்டேன்" என்றாய். சோற்றையே விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் போனபிறகு என்னிடம் சொல்வாய்: "சோறு எதிரி இல்லல. அது பெட்ரோலு. என் வண்டியில மீட்டர் மட்டும் வேலை செய்யாது, அவ்வளவுதான்."

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சுகர்காரனுக்கு இனிப்பு விஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதனால்தான் உன் பையில் அந்தச் சின்ன டப்பாவையும் அதற்குள் ஆறு எலுமிச்சை மிட்டாய்களையும் பார்த்ததும், திருட்டுத்தனமாகத் தின்கிறாய் என்று முடிவுகட்டினேன். ஆறையும் நானே தின்றேன். வெறும் காகிதங்களில் ஆறு புளியங்கொட்டைகளை வைத்து அழகாக முறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். குறும்புக்குக் குறும்பும் ஆச்சு, உன் உடம்புக்கு நல்லதும் ஆச்சு என்று ஒரே பெருமை எனக்கு.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. பூஞ்சேரியிலிருந்து திருப்போரூருக்கு நடந்தோம். பால்குடம் எடுத்த பெண்களோடு உன் அம்மாவும் என் அம்மாவும் முன்னால் போய்விட்டார்கள். பையனூர் தாண்டியதும் உன் பேச்சு குழறியது. நெற்றியெல்லாம் வியர்வை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாய். கை நடுங்க நடுங்க ஒரு காகிதத்தைப் பிரித்தாய். கொட்டை. இன்னொன்று. அதுவும் கொட்டை.

நான் சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. சிரித்தேன்.

"சிரிக்காதல... சுகர் எறங்கிட்டு... இனிப்பு... சீக்கிரம்..." என்றாய். உன் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பையிலிருந்த கடலை மிட்டாயை நீட்டினேன். தலையை ஆட்டினாய். "அது டவுன் பஸ்ஸு. சுகர் மெதுவாத்தான் ஏறும்."

ஓடினேன். நூறடி தள்ளி, நடந்து வருகிறவர்களுக்குப் பானகம் கொடுக்கும் பந்தல் இருந்தது. "அக்கா, என் ஃபிரண்டுக்கு சுகர் எறங்கிடுச்சு, வெல்லத்தண்ணி குடுங்க" என்று கத்தினேன். "இன்னாடா சொல்ற, எங்க கீறான்?" என்று அந்த அக்கா சொம்பு நிறைய மொண்டுகொண்டு என்னோடு ஓடிவந்தது. மூன்று டம்ளர் குடித்தாய். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணில் வெளிச்சம் வந்தது. நீ பேசிய முதல் வார்த்தை: "சுக்கு ஜாஸ்தி."

யாரோ சொல்லி உன் அம்மா திரும்பி ஓடிவந்தார்கள். "முட்டாய எங்கலே?"

கொட்டைகளை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, "எடுக்க மறந்துட்டேம்மா" என்றாய்.

அந்த ஒரு பொய்க்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும். பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. வகுப்பே மாமல்லபுரம் கடற்கரைக்கு சைக்கிளில் போனபோது உன்னை அனுப்பவில்லை. நான் போய்வந்து, லஞ்சம் மாதிரி உனக்கொரு சிப்பி கொடுத்தேன். "நான் உங்கம்மாகிட்ட சொல்லிடறேன்டா" என்று எத்தனை முறை கிளம்பியிருப்பேன்! "சொன்னா அம்மா உன்னோட சேரவிட மாட்டா. வீட்டுலயே கிடந்தாலும் நீ வருவல்லா?" என்று உட்காரவைத்துவிடுவாய். ஒருநாள் சொன்னாய்: "மிட்டாய் எனக்குத் தீனி இல்லல. ஸ்டெப்னி. நடு ரோட்டுல நின்னா அதான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேக்கும்." அன்றைக்குத்தான் என் மரமண்டையில் ஏறியது.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாய். அந்த ரோட்டில் எந்த ஸ்டெப்னியும் உதவவில்லை.

காரியம் முடிந்தபின் உன் அம்மா கூப்பிட்டு உன் நோட்டைக் காட்டினார்கள். என்ன தின்றாய், எவ்வளவு ஊசி, ஏன் ஏறியது, ஏன் இறங்கியது, எல்லாம் டாக்டருக்காக எழுதிவைத்த நோட்டு. கல்யாண வீட்டில் சுட்டுத் தின்ற லட்டைக்கூட நேர்மையாக எழுதியிருந்தாய், மடையா. ஆடிக் கிருத்திகைப் பக்கத்தில் மட்டும்: "சுகர் இறங்கிவிட்டது. காரணம்: மிட்டாய் எடுக்க மறந்தேன்."

அங்கேயே சொல்லிவிட்டேன். கொட்டை, காகிதம், சிரித்தது எல்லாம். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். உன் அம்மா அந்தப் பக்கத்தை விரலால் தடவினார்கள். பிறகு, "மறந்துட்டாம்னுல்லா புள்ளைய ரெண்டு மாசம் கடலப் பாக்கக்கூட விடாம வச்சிருந்தேன்" என்று அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பேனாவை என் கையில் கொடுத்தார்கள்.

"மாத்தி எழுதுல. தப்பு அவன் பேர்ல இருக்க வேண்டாம்."

உன் வரியை அடித்தேன். 'காரணம்: நான்' என்று எழுதினேன். சொல் விளையாட்டு எதுவும் வரவில்லை, மச்சான். "சாப்பிட்டுப் போ" என்று உன் அம்மா இட்லி வைத்தார்கள். அவர்களையும் அறியாமல் எண்ணி வைத்தார்கள்.

காலையில் விழுந்த நான்கையும் அம்மா குப்பையில் போட்டுவிட்டாள். சாயங்காலம் ட்யூஷன் போகும் வழியில் புதிதாக ஆறு வாங்கினேன். யாருக்கு என்று கேட்காதே. பஸ்ஸில் எவனுக்காவது திடீரென்று வியர்க்கலாம். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்துப் பாக்கெட்டில் போட்டேன். கடைக்கார அண்ணன், "இன்னாப்பா, முட்டாயப் போயி கொய்யாக்கா மாதிரி அமுக்கிப் பாக்குற?" என்று கேட்டார்.

ஆறும் மிட்டாய்தான்டா. பார்த்துவிட்டேன்.