கடல் பூரா நமக்குத்தான்

வியாழன், ராத்திரி

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. காதுக்குள் இன்னும் மணல்.

காலையில் நானும் கூட்டாளி ஜெபாவும் உவரியிலிருந்து வடக்கே கடலோரமாக வேனை விட்டோம். யாரும் போகாத கரையில் சறுக்குப் பலகையோடு அலை பிடிக்கப் போகிறோம் என்று பெரிய பேச்சு. தார் ரோடு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் ஒரு சின்ன மீனவர் ஊர். அலை அருமையாக உருண்டு வந்தது. படகெல்லாம் கரையிலேயே கிடந்தன. கடலுக்குப் போகாமல் இருக்க இன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. "நல்லதாப் போச்சு. கடல் பூரா நமக்குத்தாம்லே" என்றேன்.

அலைமேல் பலகையில் ஏறி நின்றதும் குஷியில் கத்தினோம். தொண்டை கிழியக் கத்தினோம்.

திரும்பிப் பார்த்தால், வெள்ளை வேட்டி சட்டையோடு ஆட்கள் ஓடிவந்து ஒரு படகைத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள். நாங்கள் முங்கிச் சாகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

பதறிக் கரைக்கு வந்தோம். மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. ஊரில் ஒரு சாவு. அடக்கம் முடியும்வரை அங்கே யாரும் கடலில் இறங்க மாட்டார்களாம். சவப்பெட்டியைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

நெஞ்சுவரை நனைந்து நின்றவரிடம், "சும்மாதான் கத்தினோம், அண்ணாச்சி" என்றேன். சும்மாதானாம்! இந்த வாயை என்ன செய்ய?

அவர் திட்டவில்லை. "உசுரோட இருக்கியள்லா, அது போதும்" என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "வாங்க, அப்பாவத் தூக்குவோம்" என்றார்.

பாளையங்கோட்டை வந்து ஜெபாவை இறக்கிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள், "அலை கிடைச்சுதா?"

கிடைச்சுது என்றேன்.